இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன் ஓய்வா, நடையா?

இன்னும் மூன்று வாரத்தில் ஆபரேஷன், அதுவரை படுத்து ஓய்வெடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் தடுக்காதவரை நடப்பதுதான் சரி.

முக்கியக் காரணம் நுரையீரல். ஆபரேஷனுக்குப் பின் மேல்வயிற்றுக் காயம் உதரவிதானத்துக்கு (நுரையீரலுக்குக் கீழே மூச்சுக்கு உதவும் தசை) அருகில் இருப்பதால், வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வரலாம். அதனால் மூச்சுப் பயிற்சிக் கருவியான ஸ்பைரோமீட்டரை இப்போதே பழகுங்கள்: நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, 3 முதல் 5 விநாடி அடக்கிவைத்து, பிறகு வெளியே விடவும். பலர் அதை ஊதுகிறார்கள், ஊதினால் பயனில்லை.

நடை வாரத்தில் 5 நாள், 30 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும். முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தொடைக்கு நல்லது.

புரதம் குறைந்தால் இத்தனையும் வீண். கிலோ எடைக்கு தினம் 1.2 முதல் 1.5 கிராம் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும். சாப்பாடு இறங்காமல் வாந்தி வந்தால், பயிற்சியைவிட ஊட்டச்சத்துதான் அவசரம். புகைப்பதை இன்றே விடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ தலை சுற்றினாலோ நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆபரேஷன் முடிந்தபின், பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்கவைப்பார்கள். ஆனால் சாப்பிட்ட கையோடு நடக்காதீர்கள். உணவு குடலுக்குள் வேகமாக இறங்கிப் படபடப்பும் வியர்வையும் வரலாம்.