வசனம் ஒப்பிப்பது போல ஆகிவிடுகிறதா?

கேள்வி: குறும்படம் ஒன்றில் நடிக்கிறேன். 4 பக்கக் காட்சியை வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் ஒத்திகையில் ‘ஒப்பிக்கிறாய்’ என்கிறார் இயக்குநர். எதிரில் நடிப்பவர் ஒரு சொல்லை மாற்றினால் எனக்கு எல்லாமே மறந்துபோகிறது. 6 நாளில் படப்பிடிப்பு. என்ன செய்வது?

பதில்: மனப்பாடத்தில் குறையில்லை. ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்ததுதான் கோளாறு. எதிராளி எப்படிப் பேசினாலும் உங்கள் வாயில் அதே ராகம்தான் வரும். முதல் 2 நாள் அதைக் கலைக்க ஒதுக்குங்கள். வாய்ப்பாடு சொல்வது போல, உணர்ச்சியே இல்லாமல் தட்டையாகச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்க நடிப்பாசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் தன் மாணவர்களை இப்படித்தான் பாடம் பண்ணச் சொன்னார். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லும்போது தடையில்லாமல் வந்தால் வரி உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். காலையில் 20 நிமிடம், படுக்கப்போகும் முன் 20 நிமிடம் போதும்.

அடுத்தது, எதிராளியின் வசனம். உங்கள் வரி அதிலிருந்துதான் பிறக்கிறது. இதைப் பாருங்கள்:

“அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ எங்க போயிருந்த, சொல்லு.”
“பணம் அனுப்பினேன்ல?”

பதில் உங்களுக்குள் எந்த இடத்தில் கிளம்புகிறது? ‘ஆஸ்பத்திரி’ காதில் விழுந்ததுமே. அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கேயே மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். ‘சொல்லு’ வரை காத்திருந்து, பிறகு மூச்சு வாங்கிப் பேசினால் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு ஓட்டை விழும். ஒப்பிப்பதாகக் கேட்பது அதனால்தான். இப்போது அவர் ‘சொல்லு’க்குப் பதில் ‘வாயத் தொற’ என்றாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

வசனத்தின் ஓரத்தில் ‘கோபம்’, ‘சோகம்’ என்று எழுதி வைக்காதீர்கள். முகத்தைக் கோணுவதில்தான் போய் முடியும். அவரை என்ன செய்யப் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்: வாயடைக்க, கெஞ்ச, தட்டிக்கழிக்க. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ‘நோக்கம்’ என்றது இதைத்தான்.

தமிழுக்கே உரிய ஒரு வம்பும் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. “அவன் வருவான்னு நான் சொல்லல” என்பதில் மறுப்பு முழுவதும் அந்தக் கடைசி ‘ல’வில் இருக்கிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்கினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். வரியின் முடிவு வரை மூச்சை மிச்சம் வையுங்கள்.

லைவ் சவுண்டா (நடிக்கும்போதே குரலைப் பதிவதா), டப்பிங்கா (பிறகு பேசிச் சேர்ப்பதா) என்று உதவி இயக்குநரிடம் இன்றே கேளுங்கள். டப்பிங் என்றால் செட்டில் வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் இருக்கலாம். லைவ் சவுண்டில் அந்தக் குரலும் பதிவாகிவிடும் என்பதால் இருக்காது. எழுத்து நடையில் இருக்கும் வரியைப் பேச்சு நடைக்கு மாற்ற வேண்டுமானால் அதையும் ஒத்திகையிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். கேமரா ஓடும்போது நீங்களாக மாற்றினால் இப்போது உங்களுக்கு நேர்வது எதிராளிக்கு நேரும்.

ஒரே காட்சியைத் தள்ளி நின்று வைட் ஷாட்டாகவும், முகத்தருகே குளோஸப்பாகவும் தனித்தனியாக எடுப்பார்கள். வைட் ஷாட்டில் எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தீர்களோ, குளோஸப்பிலும் அதே சொல்லில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் எடிட்டிங்கில் இரண்டும் ஒட்டாது. டம்ளர் எந்தக் கையில் என்பதையும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.