அரசியல் தத்துவத்தை முதலாண்டு மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது?

முதன்முறையாக இந்தப் பாடத்தை எடுக்கப்போவதாகவும், பிளேட்டோவில் தொடங்கி வரிசையாகப் போவதா, வேறு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வரிசையாகப் போகாதீர்கள். நான் முதல் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் போனேன். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், ரூசோ. ஒவ்வொருவருக்கும் பிறப்பு, நூல்கள், கோட்பாடு, விமர்சனம் என்று குறிப்பு சொல்லி எழுதவைத்தேன். விடைத்தாள் திருத்தினால், மெய்யறிவு பெற்றவரே ஆள வேண்டும் என்று பிளேட்டோ சொன்ன 'தத்துவ அரசர்' பற்றி நான் சொன்ன வாக்கியங்கள் அப்படியே எனக்குத் திரும்பி வந்திருந்தன. மறுநாள் வகுப்பில், "உங்கள் ஊரை அப்படி ஒருவர் ஆள வந்தால் சம்மதமா?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. அது தங்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றாதபடி பாடம் நடத்தியது நான்தான்.

இப்போது ஒரு சிறை அறையில் தொடங்குகிறேன். கி.மு. 399, ஏதென்ஸ். எழுபது வயது சாக்ரடீஸுக்கு மரண தண்டனை தீர்ப்பாகிவிட்டது. பொழுது விடியுமுன் நண்பர் கிரீட்டோ வந்து, அவர் தூங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காவலாளி தெரிந்தவன்தான், பணமும் தயார், தெசலியில் வரவேற்க ஆட்கள் இருக்கிறார்கள், தப்பித்துவிடலாம் என்கிறார். கதையை இங்கே நிறுத்திவிட்டு, "நீங்களாக இருந்தால் போவீர்களா?" என்று கேளுங்கள். வகுப்பில் பெரும்பாலும் எல்லோரும் போய்விடுவார்கள். தீர்ப்பே தப்பு, அப்புறம் ஏன் சாக வேண்டும்?

அதன் பிறகு சாக்ரடீஸ் போகாததற்குச் சொன்ன காரணத்துக்கு வாருங்கள். ஏதென்ஸின் சட்டங்களே எதிரில் வந்து நின்று தன்னிடம் பேசுவதாக அவர் கற்பனை செய்கிறார். இந்த ஊர் பிடிக்கவில்லை என்றால் உடைமைகளோடு வெளியேற உனக்கு உரிமை இருந்தது, எழுபது வயதுவரை இங்கேயே இருந்தாய், அப்படியென்றால் எங்களுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டாய் என்றுதானே பொருள் என்று அவை கேட்கின்றன.

ஒரு ஆண்டு இந்த இடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "போறதுக்கு வழி இருந்தாத்தானே சார் இருக்கிறது சம்மதம்னு ஆகும்? எங்க அப்பா இந்த ஊரை விட்டு எங்க போவார்?" கூலி வேலை செய்பவரின் மகன் அவன். அன்றைக்குத்தான் அவர்களிடம் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமின் பெயரைச் சொன்னேன். ஒரு நாட்டின் சாலையில் நடந்து போவதுகூட அதன் அரசுக்கு வாய்விட்டுச் சொல்லாத ஒப்புதல்தான் என்று ஆங்கிலத் தத்துவவாதி லாக் 1689இல் எழுதினார். 1748இல் ஹியூம் அந்த வாதத்தை மறுத்தார். வேற்று நாட்டு மொழி தெரியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை நாட்டைவிட்டுப் போக என்ன வழி? தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் இருப்பதால் மாலுமித் தலைவனுக்குச் சம்மதித்துவிட்டான் என்று சொல்வது போல இருக்கிறது இது என்றார். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதையே 1748இல் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஹியூமை யாருக்கும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டியிருக்கவில்லை. மாணவர் வாயில் வாதம் முதலில் வரட்டும், பெயரை அப்புறம் சொல்லலாம்.

இதே கேள்வியைப் பிடித்துக்கொண்டே இந்தியாவுக்கும் வந்துவிடலாம். நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதை 1908இல் தென்னாப்பிரிக்காவில் குஜராத்தியில் எழுதி வெளியிட்டவர் காந்தி. தப்பான சட்டத்தை மீறுவது, ஆனால் தண்டனைக்கு ஓடி ஒளியாமல் இருப்பது என்ற அவரது வழியை இதோடு சேர்த்துப் படித்தால் நன்றாகப் புரியும். உடனே எதிர்த்தரப்பையும் வையுங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசியல் சட்ட வழிகள் திறந்த பிறகு சட்ட மறுப்பையும் சத்தியாகிரகத்தையும் கைவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். இரண்டு பக்கமும் வகுப்பில் ஆள் இருக்கும், விட்டுவிடுங்கள், பேசட்டும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஹாப்ஸை உள்நாட்டுப் போர் இல்லாமல் நடத்தாதீர்கள். 1642இல் இங்கிலாந்தில் போர் தொடங்கியது, 1649இல் அரசனின் தலை போயிற்று, 1651இல் ஹாப்ஸின் 'லெவியதான்' நூல் வந்தது. அந்தப் பயம் புரியாவிட்டால் அவர் வெறும் சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குபவராகவே தெரிவார். அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸுக்கு ஒரு விளையாட்டு போதும். விடுதியில் காற்றோட்டமான அறை, கழிப்பறைக்குப் பக்கத்து அறை, மொட்டை மாடிக்குக் கீழே வேகும் அறை. யாருக்கு எது என்று சீட்டு எடுக்குமுன் அறை ஒதுக்கும் விதிகளை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிறகு 1971இல் அவர் சொன்ன 'அறியாமைத் திரை' பற்றி, அதாவது தனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாமலே சமூகத்தின் விதிகளை வகுப்பது பற்றிப் பேசுங்கள்.

குறளையும் சேருங்கள். "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." செங்கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் கொள்ளைக்காரன் 'கொடு' என்பதைப் போன்றது என்கிறது குறள். நம்மவர் அன்றே சொல்லிவிட்டார் என்று பெருமைப்பட்டு நிறுத்திவிட வேண்டாம். வரிக்கும் வழிப்பறிக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியாக வையுங்கள். அலெக்சாந்தரிடம் பிடிபட்ட கடற்கொள்ளைக்காரன், 'ஒரு கப்பலில் செய்வதால் நான் கொள்ளைக்காரன், பெரும்படையோடு செய்வதால் நீ பேரரசன்' என்று சொன்ன கதையைக் கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் எழுதியிருக்கிறார். அதையும் பக்கத்தில் வைத்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

தேர்வுக்கு ஆண்டுகளும் நூல் பெயர்களும் வேண்டும்தான். கடைசி இரண்டு வாரம் அதற்கு ஒதுக்குகிறேன். வாதம் தெரிந்த பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிறை அறைக் காட்சி வரும், பிளேட்டோ எழுதிய 'கிரீட்டோ' உரையாடல் சிறியது. வகுப்பில் வாய்விட்டு வாசித்தாலும் இரண்டு மூன்று பாடவேளையில் முடித்துவிடலாம். இந்த ஆண்டு வாசித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "ஏதென்ஸ்ல அடிமைங்க இருந்தாங்கதானே சார்? சட்டம் அவங்ககிட்ட வந்து பேசியிருந்தா என்ன சொல்லியிருக்கும்?" அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியில்தான் தொடங்கினோம்.