ஞாழலும் வெள்ளவத்தை நுரையும்

வணக்கம் சேர்,

உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். இப்போது குறுந்தொகை படிக்கிறோம். டியூசனில் தந்த கருப்பொருள் அட்டவணை எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதில் வரும் ஞாழல் மரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. பிறந்து வளர்ந்ததெல்லாம் வெள்ளவத்தையில், தொடர்மாடியின் நாலாம் மாடியில். கிளுவை வேலி, பூவரசு என்று அம்மம்மா ஊர்க்கதை சொல்லுவா. அதுகூட எனக்குக் கதைதான். 'இயற்கையோடு இயைந்த எமது பண்பாடு' என்று விடை எழுதும்போது பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. இந்தக் கவிதைகள் எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்தமா?

ஒரு மாணவி, கொழும்பு 6

அன்புள்ள பிள்ளைக்கு,

அந்த வரியை எழுதக் கை கூசுகிறது என்றால் நல்லது. எனக்கும் அது பிடிப்பதில்லை. ஒரு பாட்டைக்கூட வாசிக்காமல் எழுதிவிடலாம், அதுதான் அதிலுள்ள வசதி. நானும் உங்கள் வயதில் 'தெய்வம் வருணன், பறவை கடற்காகம், தொழில் உப்பு விளைத்தல்' என்று வரிசையாக எழுதிப் புள்ளி வாங்கியவன்தான்.

சங்கப் புலவர்கள் எல்லாரும் மலையிலும் வயலிலும் குடியிருந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். மதுரை, உறையூர், காவிரிப்பூம்பட்டினம் என்று நகரத்தின் பெயரை முன்னால் வைத்திருப்பவர்கள் பலர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். அறுவை என்றால் துணி. புறக்கோட்டை மெயின் வீதியில் புடவைக்கடை வைத்திருக்கிறவர் குறிஞ்சித் திணையில் பாடினால் எப்படி, அப்படி. குறுந்தொகையிலேயே அவருடைய குறிஞ்சிப் பாட்டு உண்டு. மலையில் காணி உறுதி இருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தையும் பார்த்துக் கடந்தால் கருங்கற்கள் குவிந்து கிடக்கும் இடம் தெரியும்தானே? ஒரு பின்னேரம் குறுந்தொகை 290ஐ எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். நெய்தல் பாட்டு, கடற்கரைத் திணை, ஆறே வரி. பிரிவைப் பொறுத்துக்கொள் என்கிறாள் தோழி. அப்படிச் சொல்கிறவர்களுக்குக் காமம் என்னவென்று தெரியாதா, இல்லை அவ்வளவு நெஞ்சுரம் உள்ளவர்களா என்று கேட்கிறாள் தலைவி. காதலரைக் காணாவிட்டால் நான்,

'பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே.'

பெருநீருக்கு வெள்ளம் என்றும் பொருள் சொல்வார்கள். நெய்தலில் வைத்த பாட்டு என்பதால் எனக்கு அது கடல்தான்.

அலை கல்லில் அடித்ததும் நுரை உடனே போய்விடுவதில்லை. அலை திரும்பிவிடும், நுரை கல்லின் இடுக்கில் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். ஓரத்திலிருந்து குமிழி குமிழியாக உடையும். பிறகு எது கடைசிக் குமிழி என்று பிடிக்க முடியாமல் ஈரக் கல் மட்டும் மிஞ்சும். 'மெல்ல மெல்ல' என்று இரண்டு தரம் சொல்ல ஒருவர் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்! அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கல்பொரு சிறுநுரையார் என்று அந்த நுரையையே பெயராக வைத்துவிட்டார்கள். இந்தப் பாட்டில் மரம் இல்லை, பறவை இல்லை, வருணனும் இல்லை. உங்கள் அட்டவணையில் நுரைக்கு ஒரு கட்டம் இருக்கிறதா, பாருங்கள்.

நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு. பொழுது சாயும் நேரம் என்பதுதான் பலரும் கொள்ளும் பொருள். கிழக்குக் கரைக்காரருக்கு வாய்க்காத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: கொழும்பில் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குகிறது. நாலாம் மாடி என்றால் படி இறங்காமலே தெரியக்கூடும், இடையில் இன்னொரு தொடர்மாடி எழும்பாமல் இருந்தால்.

அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை, சோதனைக்கு அது வேண்டும். அப்புறம், ஞாழல். புலிநகக்கொன்றை என்கிறார்கள். நான் இன்னும் கண்டதில்லை.