கோழிக்கடைக்காரர் பையன் கோழியையே படிக்கட்டும், நிலத்தை விக்காதீங்க

போன வாரம் போச்சம்பள்ளில இருந்து ஒரு அக்கா போன் பண்ணி அழுதாங்க. வீட்டுக்காரர் பிராய்லர் கடை வச்சிருக்கார், பையன் பயாலஜி மேத்ஸ் குரூப்ல 12 முடிச்சுட்டான், நீட்ல மார்க் வரல. தாய்மாமன் இன்னொரு வருசம் கோச்சிங்ல போடு, இல்லன்னா வெளிநாட்டுக்கு அனுப்புன்னு பிடிச்ச பிடியா நிக்கிறாராம், அதுக்காக ரோட்டோரம் இருக்கிற அரை ஏக்கரை விக்கலாமான்னு பேச்சு ஓடுது. மொதல்ல ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னேன். நிலம்னு காதுல விழுந்ததும் பொறுக்கல.

விக்காதீங்க அக்கா. மாமா பேசிட்டு ஊருக்குப் போயிடுவார், பத்திரத்துல கையெழுத்து போடப்போறது நீங்க. டாக்டர் ஆகணும்னு பையன் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னானான்னு கேட்டேன், நீங்க பதில் சொல்லல.

அப்புறம் பையன்கிட்டயே பேசினேன். கடையில மிச்சமாகிற தோலை வீணாக்க மனசு வராம வேக வச்சு, மாடியில தகரத்து மேல காயவச்சு தெருநாய்ங்களுக்குப் போட்டிருக்கான், மொத ஈடு மேல மொறுமொறுன்னு காஞ்சு உள்ள ஈரம் நின்னு பூஞ்சை புடிச்சிருச்சு, அடுத்த தடவை மெல்லிசா வெட்டியிருக்கான். "ஏன் சார் மேல மட்டும் காஞ்சுச்சு?"ன்னு என்னைக் கேட்டான். யாரும் சொல்லிக்குடுக்காம இந்தக் கேள்வி வருதுன்னா அவனோட நாட்டம் எங்க இருக்குன்னு தெரியலையா?

தோலைக் காயவச்சு தீனியாக்குறது பெரிய தொழில். மெக்சிகோவுலயும் பிலிப்பைன்ஸ்லயும் பன்னித்தோலை வேக வச்சு, ஒட்டின கொழுப்பைச் சுரண்டி, துண்டு போட்டு காயவச்சு பொரிப்பாங்க, இந்தோனேசியாவுல எருமைத்தோல்ல செய்வாங்க. சூட்சுமமே ஈரத்துலதான், சுமார் 10 சதவீதம் உள்ள நிக்கணும், 200 டிகிரி எண்ணெயில விழுந்ததும் அது ஆவியாகி தோலை உள்ளிருந்து ஊத வைக்கும், நம்ம வத்தல் பொரியிற கணக்குதான். பெட் ஷாப்ல நாய் கடிக்கிறதுக்குன்னு முடிச்சு போட்ட எலும்பு மாதிரி வெள்ளையா தொங்குமே, அதுவும் மாட்டுத்தோலோட உள்பக்க அடுக்குதான், மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போயிடும். தோல் பதனிடுற ஆம்பூர் நமக்குப் பக்கம்தான், ஆனா க்ரோம்கிற ரசாயனம் போட்டு பதனிட்ட தோல் மட்டும் தீனிக்கு ஆகவே ஆகாது. வேக வச்ச கோழி எலும்பும் அப்படித்தான், சிலாம்பா உடைஞ்சு நாயோட குடலைக் கிழிச்சிரும். 2019ல அமெரிக்காவுல நாய்க்குப் போடுற பன்னிக்காது மூலமா 154 பேருக்கு சால்மோனெல்லாங்கிற வயித்துப்போக்குக் கிருமி தொத்துச்சு, இது நாய்க் கணக்கு இல்ல, மனுசங்க கணக்கு. அதனாலதான் இதைப் படிச்சுட்டு செய்யணும்கிறேன்.

படிக்க எங்கயும் தூரம் போக வேணாம். ஓசூர் மத்திகிரியில, 1824ல ஆரம்பிச்ச கால்நடைப் பண்ணை இருக்கே, அந்த ஊர்லயே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட கல்லூரில கோழியின தொழில்நுட்பம்னு 4 வருச பி.டெக் இருக்கு. வளர்ப்பு, தீவனம், முட்டை, கறி பதப்படுத்துறது வரைக்கும் வரும். நீட் தேவையில்ல, 12ம் வகுப்பு மார்க்தான். அது அமையலன்னா அதே பல்கலைக்கழகத்துல சென்னை கொடுவள்ளியில உணவுத் தொழில்நுட்பம் இருக்கு. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்துக்கிட்டே மத்திகிரி கோர்ஸை எத்தனை வீட்ல பேசுறாங்க சொல்லுங்க, எல்லாரும் கால்நடை டாக்டர் சீட்டோட நிறுத்திக்கிறாங்க.

"கோழிக்கடைக்காரன் பையன் மறுபடி கோழியா"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க, கேட்கட்டும். அந்தக் கடைதான் அவனை 12 வரைக்கும் படிக்க வச்சிருக்கு.

இன்னொண்ணும் கண்டிப்பா சொல்றேன், ஆர்வம் வந்துருச்சுன்னு இப்பவே கடன் வாங்கி டிரையர் மெஷின் வாங்கிடாதீங்க. மொதல்ல அட்மிஷன் அப்ளிகேஷன் தேதியைப் பாருங்க. ஒருநாள் காலையில அவனோட அப்பா கடைக்கு லீவு விட்டுட்டு பையனைக் கூட்டிக்கிட்டு மத்திகிரிக்கு பஸ் ஏறட்டும், மேல மட்டும் ஏன் காஞ்சுச்சுங்கிற கேள்வியை அவன் அங்க இருக்கிற வாத்தியார்கிட்டயே கேட்கட்டும்.