வாசகர் கேள்வி – பதில்: பழைய மாதிரி ரயில் எஞ்சின்களின் சத்தமும் சூடும்

கேள்வி: அப்பப்பா வைத்திருந்த, 1960களில் வந்த ஓஓ எனும் சிறிய அளவு மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று. இறுகிக் கிடந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டேன். சில நாள் ஓடியது. இப்போது கரகரவென்று கத்துகிறது. கை வைக்க முடியாமல் சுடுகிறது.
– வாசகர், உப்புவெளி

பதில்: தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் தடித்துப் பிசினாகிவிடும். வழிந்து கொமியூட்டேட்டரில் (மோட்டர் தண்டில் பிரஷ்கள் உரசும் செப்புப் பகுதி) பட்டால், காபன் பிரஷ் தேய்ந்து விழும் தூளோடு குழைந்து கறுப்புப் பசையாகும். மூன்று செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள வெட்டுகளில் அது அடையும்போது மின்சாரம் குறுக்கே கசிகிறது. சூட்டுக்கு முதலில் அங்கேதான் பார்க்கவேண்டும்.

மேற்கூட்டைக் கழற்றித் தள்ளி வையுங்கள். அல்ககோல் அதன் பெயின்ட்டைக் கெடுக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கொமியூட்டேட்டரைத் துடைத்து, வெட்டுகளைப் பல்குத்தும் மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஊசி வேண்டாம், சாண்ட்பேப்பரும் வேண்டாம். செப்பில் கீறல் விழுந்தால் பிரஷ்தான் வேகமாகத் தேயும்.

அக்கால ட்ரை-ஆங் (பிரித்தானிய மாதிரி ரயில் நிறுவனம்) எஞ்சின்கள் பலவற்றில் இருப்பது எக்ஸ்04 மோட்டர். அதில் ஒரே கம்பி ஸ்பிரிங் இரண்டு பிரஷ்களையும் அழுத்துகிறது. அதன் ஒரு காலில் மட்டும் காப்பு உறை உண்டு. சுத்தம் செய்யும்போது தொலைவது பெரும்பாலும் இந்தச் சின்ன உறைதான். அது இல்லாமல் பூட்டினால் ஷோர்ட் ஆகி மோட்டர் அசையாது. மெல்லிய வயரிலிருந்து உருவிய பிளாஸ்டிக் உறையை மாட்டினால் சரி.

இனி எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியில் எடுத்து, இரு முனைப் பெயாரிங்குகளிலும் ஒவ்வொரு துளி. அதற்கு மேல் விட்டால் மறுபடியும் கறுப்புப் பசைதான்.

கரகரப்பைக் கண்டுபிடிக்க எஞ்சினை மல்லாத்தி, இரு திசையிலும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரு திசையில் மட்டும் கத்தினால், ஆர்மேச்சர் (மோட்டரின் சுழலும் பகுதி) முன்னும் பின்னும் ஆடுகிறது என்று சந்தேகப்படலாம். தண்டில் மெல்லிய வாஷர் ஒன்று போட்டு ஆட்டத்தைக் குறையுங்கள். முற்றாக இறுக்காமல் 0.2 மி.மீ. அளவு விடுங்கள். இரு திசையிலும் ஒரேமாதிரிக் கத்தினால், தண்டிலுள்ள வோர்மும் (திருகு வடிவப் பல்) அச்சிலுள்ள பல்சக்கரமும் சரியாகப் பொருந்தவில்லை. மோட்டரின் அடியில் கடதாசித் துண்டு ஒன்றை வைத்துச் சிறிது உயர்த்திப் பாருங்கள். சக்கரத்தை விரலால் அசைத்தால் மயிரிழை ஆட்டம் தெரியவேண்டும். பிறகு பல்லில் பிளாஸ்டிக்கைத் தின்னாத கிறீஸ் கடுகளவு.

கேள்வி: எல்லாம் சுத்தம் செய்தும் இழுவை இல்லை, சூடும் குறையவில்லை.
– வாசகர், மூதூர்

பதில்: காந்தம் பலமிழந்திருக்கலாம். மல்டிமீட்டரைத் தொடராக இணையுங்கள். பெட்டி எதையும் இழுக்காமல் ஓடும்போதே 0.5 ஆம்பியரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். இந்த மோட்டர்களின் பழைய அல்னிக்கோ காந்தம், இரும்புத் துண்டால் முனைகளை இணைக்காமல் சட்டத்திலிருந்து கழற்றினாலே பலம் குறையும். ஆகவே தேவையில்லாமல் கழற்றாதீர்கள். மாற்றுவதென்றால் அதே இடத்தில் அடங்கும் நியோடிமியம் காந்தம் போடலாம். எஞ்சின் எதிர்த்திசையில் ஓடினால் காந்தத்தைத் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: கையில் பிடித்தால் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது, பாதையில் வைத்தால் இரைகிறது.
– வாசகர், சீனக்குடா

பதில்: இரைவது பலகை. ப்ளைவுட்டில் ஆணி அடித்துப் பதித்த தண்டவாளம் அதிர்வை முழுதாக இறக்கிவிடும். இடையில் 3 மி.மீ. கோர்க் விரித்து, ஆணிக்குப் பதிலாக ரப்பர்போல் நெகிழ்ந்து காயும் லேட்டெக்ஸ் பசையால் ஒட்டுங்கள். கன்ட்ரோலரில் அரை அலை சுவிட்ச் (மின் அலையின் பாதியை மட்டும் மோட்டருக்கு அனுப்புவது) இருந்தால் முழு அலைக்கு மாற்றுங்கள். மோட்டரின் 50 ஹேர்ட்ஸ் உறுமல் அதிலேயே அடங்கும். கடற்காற்றில் இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்தாலும் சத்தம் கூடும், மின்சாரமும் விட்டுவிட்டு வரும். பென்சில் அழிப்பானால் தேய்த்து, அல்ககோலால் துடைத்தபின் ஓடவிடுங்கள்.