ஏரியில் நீந்திய பின் காய்ச்சல்: பூச்சி மாத்திரை போதுமா?

கேள்வி: ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியில் நீந்தி ஐந்து வாரம் ஆகிறது. மாலையானால் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெல்லாம் தடிப்பு. ரத்தத்தில் ஈசினோபில் (புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் கூடும் வெள்ளணு) 3,400. மூன்று முறை பார்த்தும் மலேரியா இல்லை, மலத்தில் முட்டையும் இல்லை. அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இரண்டு தடவை போட்டேன், குறையவில்லை. புழு மூளைக்கு ஏறும், புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. என் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: முதலில் உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். படி ஏறும்போது கால் துவள்கிறதா, பாதமோ தொடையோ மரத்துப்போகிறதா, முதுகில் ஆரம்பித்து காலுக்கு இறங்கும் வலி உண்டா, சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது ஆனால் வர மறுக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றே, நள்ளிரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள், மலாவி ஏரியில் நீந்தியதை வாயைத் திறந்ததுமே சொல்லுங்கள். உங்களுக்கு இருக்கலாம் என்று நான் சந்தேகிப்பது ஏரித் தண்ணீரிலிருந்து தொற்றும் சிஸ்டோசோமா என்ற புழு; அதன் முட்டைகள் அரிதாகத் தண்டுவடத்தில் போய்த் தங்கி அங்கே வீக்கத்தை உண்டாக்கும். உடனே எம்ஆர்ஐ எடுத்து ஸ்டீராய்டு ஆரம்பித்தால் கால் தேற நல்ல வாய்ப்பு உண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வலிப்பு, மனக்குழப்பம், மூச்சுத்திணறல் வந்தாலும் இதேதான்.

இவை எதுவும் இல்லையா? சரி, நிம்மதியாக மேலே படியுங்கள்.

நீங்கள் சொல்வதெல்லாம் சிஸ்டோசோமா தொற்றின் ஆரம்பக் கட்டமான கட்டயாமா காய்ச்சலோடு பொருந்துகிறது. நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழு தண்ணீரில் நிற்கும்போதே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சில வாரம் கழித்து உடம்பு அதை எதிர்த்துக் கிளம்புவதுதான் இந்தக் காய்ச்சலும் தடிப்பும். புழு இன்னும் சரியாக முட்டையிட ஆரம்பிக்காத நேரத்தில் மலத்தில் முட்டை தேடினால் எங்கே கிடைக்கும்? ரத்தத்தில் இந்தப் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையும் இப்போது இல்லை என்று காட்டலாம், சில வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். பயணக் கதையும் ஈசினோபில் கணக்கும் சேர்ந்தே சந்தேகப்படப் போதும்.

அல்பெண்டசோல் இந்தப் புழுவுக்கான மருந்தே அல்ல, யாரைக் கேட்டு இரண்டு தடவை போட்டீர்கள்? இனி இணையத்தில் பார்த்து பிரசிகுவாண்டலையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மருந்து அதுதான், ஆனால் முதிர்ந்த புழுவைத்தான் அது கொல்லும், இளம்புழு தப்பித்துவிடும், இந்தக் கட்டத்தில் போட்டால் காய்ச்சலும் தடிப்பும் கூடவும் செய்யலாம். அதனால் தொந்தரவு அதிகமாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, புழு முதிர அவகாசம் விட்டு பிரசிகுவாண்டல், சில வாரம் கழித்துத் திரும்ப ஒரு தடவை என்று தொற்றுநோய் மருத்துவர் போவார். ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அது உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழந்தைக்கு ஒட்டாது. நத்தைக்குள் வளராமல் இந்தப் புழு இன்னொருவர் உடம்புக்குள் போகவே முடியாது, உங்கள் உடம்புக்குள்ளும் அது பெருகாது. நீங்கள் படித்த புற்றுநோய், சிகிச்சையே இல்லாமல் பல வருஷம் தொற்றோடு இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் வருவது, அதை இன்றோடு மறந்துவிடுங்கள்.

அப்புறம், உங்களோடு தண்ணீரில் இறங்கியவர்களுக்கு இப்போதே தகவல் சொல்லுங்கள். ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், நீந்தி மூன்று மாதம் ஆனதும் அவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.