அயர்லாந்து வேண்டாம் என்ற வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரியை வசூலிக்கும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் சொன்னபோது, அயர்லாந்து அரசே அதை எதிர்த்து வழக்குப் போட்டதாகப் படித்தேன். வருகிற பணத்தை ஓர் அரசு தள்ளிவிடுமா? அவர்கள் பக்கம் ஏதாவது நியாயம் உண்டா?
ரா.

அன்புள்ள ரா.,

அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது, அது எனக்குப் புரிகிறது. நியாயம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிழைப்பு தேடித் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கப்பலேற்றிய நாடு அது. ஆப்பிள் 1980லேயே கார்க் நகருக்கு வந்துவிட்டது. பேச்சு மாறிவிட்டார்கள் என்று பெயர் வந்தால் வெளிநாட்டுக் கம்பெனிகள் கிளம்பிவிடுமோ என்று அரசு நடுங்கியது. ஆணையத்தின் உத்தரவு வந்தது 2016 ஆகஸ்ட் 30. மூன்றே நாளில் மேல்முறையீடு என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அடுத்த வாரமே நாடாளுமன்றமும் 93க்கு 36 என்று ஒப்புதல் தந்தது. வரி எங்கள் உரிமை, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஆணையம் தலையிடக் கூடாது என்றார்கள். யாருக்கும் தனிச்சலுகை தரவில்லை என்றும் சொன்னார்கள்.

இந்த இரண்டாவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, ஏன் இந்தியாவில் விற்ற ஆப்பிள் பொருட்களின் கணக்கும் போய்ச் சேர்ந்தது அயர்லாந்தில் பதிவான ஒரு கம்பெனிக்கு. அதன் லாபத்தில் பெரும்பகுதியைத் 'தலைமை அலுவலகம்' என்ற பெயரில் ஒதுக்கினார்கள். அந்த அலுவலகம் எங்கே? எந்த நாட்டிலும் இல்லை. கட்டடம் கிடையாது, ஓர் ஊழியர்கூடக் கிடையாது. காகிதத்தில் மட்டும் இருந்தது. 1991லும் 2007லும் வரித்துறை இந்தக் கணக்குமுறைக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. விளைவு, ஆணையத்தின் கணக்குப்படி 2014ல் அந்தக் கம்பெனி கட்டிய வரி 0.005 சதவீதம். பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ! அதே கார்க்கில் பேக்கரி நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி, அதே லாபத்துக்கு 12.5 சதவீதப்படி 1,25,000 யூரோ கட்ட வேண்டும். இது தனிச்சலுகை இல்லையென்றால் வேறு எதைச் சொல்வது? ஒருவருக்கு மட்டும் இப்படி விட்டுக்கொடுத்தால் போட்டி கெடும் என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடுக்கிறது.

வழக்கு இழுத்தது. 2020ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றம் அயர்லாந்து பக்கம் நின்றது. சலுகை தந்ததை ஆணையம் சரியாக நிரூபிக்கவில்லை என்றது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதைப் புரட்டி, ஆணையத்தின் உத்தரவே செல்லும் என்று முடித்துவைத்தது. அரசும் தீர்ப்பை மதிப்பதாகச் சொல்லிப் பணத்தை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் இன்னமும் கார்க்கில்தான் இருக்கிறது.

எனக்கு ஆறாதது வேறு. வசூலான பணம், வட்டியோடு சேர்த்து 1,400 கோடி யூரோவுக்கு மேல், 2018லிருந்து தீர்ப்பு வரும்வரை தனிக் கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதே ஆண்டுகளில் டப்ளினில் வாடகைக்கு வீடு கிடைக்காத குடும்பங்களை ஹோட்டல் அறைகளில் தங்கவைத்திருந்தார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு.